வெட்டத் தயங்கிய மல்லிகை



இந்தப் பகுதிக்கு வருகின்ற கடிதங்களில் பெரும்பாலானவை நோன்பு, ஸகாத், பாகப்பிரிவினை, மாமி மருமகள் மனத்தாங்கல் என்ற வட்டத்துக்குள் அடங்கிவிடும். பூச்செடியைப் பற்றி வந்த கடிதம் என்றால் எனக்கு நினைவு தெரிந்து ஒன்றே ஒன்றுதான். அது 2024 மே மாதம் வந்தது. எழுதியவர் எங்கள் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்த ஒரு சகோதரி. ஐம்பதைத் தாண்டியவர். அந்த வருடம் நோன்புப் பெருநாள் முடிந்த கிழமையில் அவருடைய கணவர் வஃபாத்தாகிவிட்டார். கடிதம் எழுதும்போது இத்தாவில் இருந்தார்.

அவருடைய வளவில், கிணற்றடிக்குப் பக்கத்தில் ஒரு மல்லிகை நிற்கிறது. 2011ஆம் ஆண்டு புத்தளத்திலிருந்து ஊருக்குத் திரும்பி வந்து இடிந்த வீட்டைத் திருத்திய நாட்களில், அவருடைய கணவர் ஈரச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து நட்ட கன்று அது. ஏழெட்டு வருடங்கள் அள்ளிக் கொட்டியது போலப் பூத்தது. பிறகு குறைந்தது. கடைசி மூன்று வருடங்களாக ஒரு கை நிறையக்கூடப் பூ இல்லை. இலைகள் மஞ்சளித்துவிட்டன. ஆனாலும் அந்தப் பங்குனி, சித்திரையில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில மொட்டுகள் விரிந்திருக்கின்றன. மையித்து வீட்டுக்கு வந்த உறவுக்காரப் பெண்கள் சிலர், இத்தா இருக்கிற வீட்டில் மணக்கிற பூமரம் நிற்கக் கூடாது, வெட்டிப் போட வேண்டும், அல்லது அந்தப் பக்கமே போகக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பயந்து இவர் ஒரு மாதமாக அதற்குத் தண்ணீர்கூட ஊற்றவில்லை.

கேள்வி இரண்டு. ஒன்று, மல்லிகைக்குத் தண்ணீர் ஊற்றுவது இத்தாவை முறிக்குமா? மற்றது, “மரத்தை இடுப்பளவுக்கு வெட்டினால்தான் திரும்பப் பூக்கும் என்று தோட்டம் தெரிந்த ஒருவர் சொல்கிறார். அவர் கைபட்ட கொப்புகளை எப்படி வெட்டுவது, மௌலவி? வெட்டாமல் பூக்க வைக்க வழி இருக்கிறதா?”

முதற் கேள்விக்கு உடனே பதில் எழுதிவிட்டேன். இரண்டாவதுக்குப் பதில் சொல்ல எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

இத்தாவின் விடயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணவரை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் காத்திருக்க வேண்டும் என்பது அல்பகரா அத்தியாயத்தின் 234ஆம் வசனத்தில் உள்ளது. அந்தக் காலத்தில் நறுமணம் பூசுவதும், அலங்காரம் செய்வதும், சுர்மா இடுவதும் விலக்கு என்பது உம்மு அதிய்யா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸிலிருந்து தெரிய வருகிறது. புகாரி, முஸ்லிம் இரண்டிலும் அது இருக்கிறது. விலக்கப்பட்டது அவர் தம் உடம்பிலும் உடையிலும் மணத்தைச் சேர்ப்பது. எங்கள் ஷாஃபிஈ மத்ஹபில் மல்லிகை நறுமணப் பொருள்களில் அடங்கும். ஆகவே அதைத் தலையில் சூடக் கூடாது. வேண்டுமென்றே பறித்து மூக்கில் வைத்து முகரவும் கூடாது. ஆனால் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றும்போது காற்று கொண்டுவந்து போடுகிற வாசனைக்கு எந்தப் பெண்ணும் பொறுப்பாளி அல்ல. கிணற்றடி வீட்டுக்குள் சேர்ந்தது. மதிலுக்குள் நிற்கிற மரத்துக்குக் களை பிடுங்குவதும், எருப் போடுவதும், தண்ணீர் வார்ப்பதும் இத்தாவுக்கு எதிரானவை அல்ல. மரத்தை வெட்டிப் போட வேண்டும் என்று எந்தக் கிதாபிலும் நான் படித்ததில்லை. வெள்ளைச் சேலைதான் உடுக்க வேண்டும், வானத்தைப் பார்க்கக் கூடாது என்பவற்றைப் போலவே இதுவும் நாமாகச் சேர்த்துக்கொண்ட ஒன்று. ஏற்கனவே பாரம் சுமக்கின்ற ஒரு பெண்ணின் தலையில் மேலும் பாரம் ஏற்றுவதற்கு நம் பெண்களுக்கு எங்கிருந்துதான் இவ்வளவு துணிவு வருகிறதோ!

இனி மரத்துக்கு வருவோம்.

ஒரு மௌலவிக்கு மல்லிகையில் என்ன அனுபவம் என்று நீங்கள் கேட்கலாம். என் உம்மம்மாவின் வீடு சோனகத்தெருவில் இருந்தது. முற்றத்தில் ஒரு மல்லிகை நின்றது. பின்னேரம் அஸர் தொழுத பிறகு உம்மம்மா சிரட்டையோடு போய் மொட்டுப் பறிப்பார். நான் கீழ்க் கொப்புகளைப் பிடித்துக் கொடுப்பேன். 1990 அக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லாரும் சில மணி நேரத்துக்குள் ஊரை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அப்போது எனக்கு வயது பத்து. வட மாகாணத்திலிருந்து அப்படி வெளியேறியவர்கள் ஏறக்குறைய 75,000 பேர். பெரும்பாலானவர்கள் புத்தளம் மாவட்டத்தில் தங்கினோம். அங்கே கிடுகுக் கொட்டிலின் பின்பக்கம், உம்மம்மா யாரிடமோ ஒரு மல்லிகைக் கொப்பு வாங்கி நட்டார். தை மாதம் வந்தால் தேங்காய் வெட்டுகிற கத்தியை எடுத்துக்கொண்டு போய் அந்தச் செடியை முழங்காலுக்குச் சற்று மேலே வைத்து வெட்டிவிடுவார். பச்சை இலை ஒன்று மிஞ்சாது. நாங்கள் பிள்ளைகள் அழுவோம். “வெட்டினாத்தான் அது பூக்கும், போங்கடா” என்று விரட்டுவார். சித்திரையில் அவர் சொன்னது சரியாக இருக்கும். போர் முடிந்து 2009க்குப் பிறகு நாங்கள் திரும்பி வந்தபோது சோனகத்தெரு வீட்டில் கூரை இல்லை. அறைக்குள் வேம்பு நின்றது. முற்றத்து மல்லிகையின் வேர்கூட இருக்கவில்லை. உம்மம்மாவும் அதற்கு முன்பே புத்தளத்தில் மௌத்தாகிவிட்டார்.

ஆகவே வெட்டினால் பூக்கும் என்பது எனக்குச் சிறு வயதிலேயே தெரியும். ஏன் பூக்கும் என்பதைப் பிற்காலத்தில்தான் தெரிந்துகொண்டேன். மல்லிகை மொட்டு பழைய கொப்பில் வருவதில்லை. புதிதாகத் துளிர்க்கின்ற இளங்கொப்பின் நுனியில்தான் மூன்று மூன்றாக, கொத்தாக வரும். வெட்டாமல் விட்ட மரம் மேலே மேலே ஏறிக்கொண்டு, பழைய தடித்த கொப்புகளுக்குச் சாப்பாடு கொடுப்பதிலேயே தன் சக்தியைச் செலவழித்துவிடும். துளிர் குறையும். துளிர் குறைந்தால் பூ குறையும். தமிழ்நாட்டில் மதுரை, இராமநாதபுரம் பக்கத்து மல்லிகைத் தோட்டங்களில் நவம்பர் கடைசியில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் விட்டு மற்றதெல்லாம் வெட்டிவிடுகிறார்கள். மார்ச் மாதத்திலிருந்து பூ எடுக்கிறார்கள். 2013இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லியும் இந்த வெட்டுக்குத் தப்புவதில்லை. எங்களுக்குக் கடலுக்கு அப்பால், இராமேஸ்வரம் தீவில் உள்ள தங்கச்சிமடம் மல்லிகைக் கன்றுக்குப் பெயர்போன ஊர். அங்கே பதியனிட்ட கன்றுகள்தாம் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களுக்குப் போகின்றன.

யாழ்ப்பாணத்தில் நவம்பரில் வெட்டுவது சரிவராது. எங்களுக்கு மழையே ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில்தான் கொட்டும். அந்த ஈரத்தில் வெட்டினால் வெட்டுக் காயம் அழுகிப் போகும். மழை ஓய்ந்து, வாடைக் காற்றில் மண் இறுகத் தொடங்குகிற தை மாதம்தான் பொருத்தம். நம்முடைய ஹிஜ்ரி மாதங்கள் ஒவ்வொரு வருடமும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்ந்துவிடும். நோன்பு ஒரு காலம் மழையில் வரும், ஒரு காலம் வெயிலில் வரும். மரங்களோ சூரியக் கணக்கைத்தான் பார்க்கின்றன. ஆகவே செடி கொடி விடயத்தில் தையையும் சித்திரையையும் எண்ணுவதில் தவறில்லை.

சகோதரியின் வீட்டுக்கு நானும் மனைவியும் இத்தா முடிந்த பிறகு, ஸஃபர் மாதம் கடைசியில் போனோம். நான் விறாந்தையில் அவருடைய மகனோடு இருந்தேன். மனைவி உள்ளே போய் மரத்தைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். பிறகு மகன் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மரத்தைப் பார்த்ததும் எனக்கு ஒன்று விளங்கியது. வெட்டாதது மட்டும் அல்ல நோய். மூன்று நோய்கள் ஒன்றாகச் சேர்ந்திருந்தன.

முதலாவது நிழல். கணவர் மல்லிகையை நட்ட அதே வருடம் ஆறடி தள்ளி ஒரு மாங்கன்றையும் நட்டிருக்கிறார். பதின்மூன்று வருடத்தில் அது வளர்ந்து குடை பிடித்துவிட்டது. மதில் கட்டிய வளவு மல்லிகைக்கு நல்லதுதான். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை அடிக்கிற சோளகக் காற்று இலையைக் கருக்கும், மொட்டை உதிர்க்கும். மதில் அதைத் தடுக்கும். பெண்கள் மறைவாக நின்று வேலை செய்யவும் வசதி. ஆனால் காற்றுக்கு மறைப்பு வேண்டுமே தவிர வெயிலுக்கு மறைப்பு வேண்டியதில்லை. நாளைக்கு ஐந்தாறு மணி நேரமாவது நேர் வெயில் விழாத மல்லிகை இலையைத் தரும், பூவைத் தராது. நமது வளவுகளில் மல்லிகை பூக்காததற்குப் பத்தில் பாதிக் காரணம் பக்கத்தில் நிற்கிற மாவும் முருங்கையும்தான் என்பது என் எண்ணம்.

இரண்டாவது சுண்ணாம்பு. யாழ்ப்பாணக் குடாநாடே சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சுண்ணாம்பைத்தான் கிணற்றுத் தண்ணீரோடு மரத்துக்கும் ஊற்றுகிறோம். அத்தோடு 2021இல் மதிலைப் பூசியபோது மிஞ்சிய சீமெந்துக் கலவையையும் உடைந்த பூச்சையும் மேசன்மார் மல்லிகை அடியிலேயே கொட்டி மண்ணால் மூடியிருக்கிறார்கள். மகன் மண்வெட்டியால் கிளறியபோது கட்டி கட்டியாக வந்தது. போதாததற்கு உடுப்புத் தோய்க்கிற கல்லிலிருந்து சவர்க்காரத் தண்ணீர் ஓடி வந்து அதன் மேல் தேங்குகிறது. இவை எல்லாம் மண்ணின் காரத்தைக் கூட்டும். காரம் கூடினால் மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் வேரால் அதை உறிஞ்ச முடியாது. அதற்கு அடையாளம் இதுதான்: இளம் இலை மஞ்சளிக்கும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். தண்ணீர் அதிகமாகி வேர் அழுகினாலும் இலை மஞ்சளிக்கும், ஆனால் அப்போது நரம்பும் சேர்ந்து மஞ்சளிக்கும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். துருப்பிடித்த ஆணியை அடியில் புதைத்தால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். சுண்ணாம்பு மண்ணில் அந்த ஆணியால் பெரிய பயன் இல்லை. இரும்பை இலை வழியாகக் கொடுப்பதுதான் விரைவான வழி. விவசாயப் பொருள் விற்கிற கடைகளில் பெரஸ் சல்பேற்று கிடைக்கும். ஒரு லீற்றர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி, அதாவது ஐந்து கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்த பிறகு இலைகளில் தெளிக்க வேண்டும். இரண்டு கிழமைக்கு ஒரு தடவை, பச்சை திரும்பும் வரை. சேலையிலும் மதிலிலும் பட்டால் துருக் கறை போகாது, கவனம்.

மூன்றாவதுதான் வெட்டாமல் விட்டது. கணவருக்கு 2020 அளவில் கால் இயலாமல் போயிருக்கிறது. அதுவரை தை மாதத்தில் மரத்தை வெட்டியவர் அவர்தான். இந்தச் செய்தியை மகன் என்னிடம் சொன்னார். உம்மாவுக்கு அது தெரியாதாம். தை மாதம் பாடசாலை தொடங்கும் நேரம், அவர் பிள்ளைகளின் வேலையில் இருப்பார். மரம் சின்னதாகத் தெரிந்தாலும் மழையில் அழுகியிருக்கும் என்று நினைத்துக்கொள்வாராம்.

அதை அவரிடம் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லச் சொன்னேன். மகன் உள்ளே போய்ச் சொன்னார். வெகு நேரம் பேச்சில்லை. பிறகு, “அவர் வெட்டினது வேறு, இப்ப வெட்டுறது வேறு” என்று ஒரு குரல் மட்டும் கேட்டது. அதற்கு மேல் நான் வற்புறுத்தவில்லை.

வழி சொன்னது என் மனைவி. “ராத்தா, வெட்டுவதற்கு முதல் மூன்று பதியம் போடுவோம். அது வேர்விட்ட பிறகு நீங்கள் விரும்பினால் வெட்டுங்கள்” என்றார்.

இந்த இடத்தில் மல்லிகையின் ஒரு தன்மையைச் சொல்ல வேண்டும. நம் வளவுகளில் நிற்கிற அடுக்கு மல்லிகை, குண்டு மல்லிகை எதுவும் விதையில் முளைத்தது அல்ல. இந்த மல்லிகையில் காய் பிடிப்பது மிக அரிது. ஒரு மரத்தின் கொப்பை மண்ணில் பதித்தோ வெட்டி நட்டோதான் அடுத்த மரம் வருகிறது. மாங்கொட்டையில் முளைப்பது தாய் மரத்தின் பிள்ளை. மல்லிகைப் பதியம் அப்படி அல்ல, அது அதே மரம், வேறு இடத்தில் நிற்கிறது, அவ்வளவுதான். புத்தளத்திலிருந்து சாக்கில் வந்தது எப்படி அங்கே நின்ற மரமோ, அப்படியே அவர் கைபட்ட கொப்பில் போடுகிற பதியமும் அவர் நட்ட மரம்தான்.

கைக்குக் கை, வளவுக்கு வளவு இப்படிப் போய்த்தான் இது உலகம் முழுவதும் பரவியிருக்கிறது. பிலிப்பைன்ஸ் நாடு 1934இல் இதைத் தேசிய மலராக்கியது. அரபு நாடுகளில் இதற்கு ‘ஃபுல்’ என்று பெயர். யெமனில் லஹ்ஜ் பகுதியில் விளைகிற ஃபுல் அங்கே பிரசித்தம், அதன் சரம் இல்லாமல் மணப்பெண் இல்லை. தூனிஸில் கோடைகால மாலையில் ஆண்களே ஒரு சிறு கொத்தைக் காதில் செருகிக்கொண்டு போவார்கள். நம் ஊரில் அப்படிப் போனால் என்ன சொல்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள்! தாவரவியலார் இதற்கு வைத்த ‘சம்பக்’ என்ற பெயர்கூட ‘ஸன்பக்’ என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது. பழைய அரபியில் அது மல்லிகை எண்ணெய், இன்றைய அரபியில் லில்லிப் பூ. பழைய வைத்தியக் கிதாபில் ஸன்பக் எண்ணெய் என்று வரும் இடத்தில் மாணவர்கள் லில்லி என்று மொழிபெயர்த்துவிடுவார்கள். ஒவ்வொரு வருடமும் திருத்துகிறேன், ஒவ்வொரு வருடமும் அதே தவறு.

பதியம் போட்டது ஐப்பசி நடுவில், முதல் மழை மண்ணை நனைத்த பிறகு. தரைக்குப் பக்கத்தில் வளைகிற, பென்சில் தடிப்புள்ள கொப்பாகப் பார்க்க வேண்டும். ஒரு கணுவுக்குக் கீழே, மண்ணில் படப்போகிற பக்கத்தில் அரை அங்குலத்துக்குப் பட்டையை மெல்லச் சீவி, நாலு அங்குல ஆழத்தில் புதைத்து, மேலே ஒரு செங்கல்லை வைத்துவிட வேண்டும். நுனி வெளியே நிற்கட்டும். மண் காயாமல் பார்ப்பது ஒன்றுதான் வேலை, அதையும் எங்களுக்கு மழையே பார்த்துக்கொள்ளும். மூன்று மாதத்தில் வேர் வரும். புதைக்கிற இடத்தில் சீமெந்துக் கட்டி இல்லாமல் நல்ல செம்மண்ணும் மக்கிய சாணமும் கலந்து போட்டோம்.

அந்த மூன்று மாதத்துக்குள் மற்ற இரண்டு வேலைகளும் முடிந்தன. மாமரத்தின் மல்லிகைப் பக்கத்துக் கிளைகள் இரண்டை இறக்கினார்கள். அடியில் கிடந்த கலவையை எல்லாம் மகன் அலவாங்கால் கிண்டி எடுத்து மூன்று வண்டில் குப்பையாக வெளியே போட்டார். சவர்க்காரத் தண்ணீருக்கு வேறு வாய்க்கால் வெட்டினார்.

2025 தை மாதம், பொங்கல் கழிந்த கிழமை. சகோதரி பதியத்தின் செங்கல் ஒன்றைத் தூக்கி, மண்ணை விரலால் விலக்கிப் பார்த்தாராம். வெள்ளை வேர் நூல் நூலாக இருந்திருக்கிறது. தாய் மரத்திலிருந்து மூன்றையும் அறுத்து எடுத்துச் சட்டியில் வைத்த பிறகு மகனிடம் கத்தியைக் கொடுத்துவிட்டுத் தான் குசினிக்குள் போய்விட்டார். முடியும் வரை வெளியே வரவில்லை என்று மனைவி சொன்னார்.

வெட்டுகிற முறையை எழுதிவிடுகிறேன், பலர் இதில்தான் பிழை விடுகிறார்கள். வெட்டுவதற்கு ஒரு கிழமை, பத்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். தரையிலிருந்து ஒன்றரை அடி விட்டு எல்லாக் கொப்பையும் ஒரே மட்டமாக வெட்ட வேண்டும். கத்தி கூராக இருக்கட்டும், கொப்பு கிழியக் கூடாது. காய்ந்தவை, நோய் பிடித்தவை, ஒன்றோடொன்று உரசுகின்றவை எல்லாவற்றையும் அடியோடு எடுத்துவிடலாம். மிஞ்சிய இலைகளையும் உருவிவிட வேண்டும். பார்ப்பதற்குப் பாவமாகத்தான் இருக்கும். பிறகு அடியில் இருந்து ஒரு அடி தள்ளிச் சுற்றிவரக் கிண்டி, நன்றாக மக்கிய சாணம் ஒரு கூடை, அதாவது பத்துக் கிலோ அளவில் போட்டு மண்ணால் மூடித் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஹஜ்ஜுப் பெருநாளுக்குக் கொண்டுவந்து கட்டுகிற ஆடுகளின் பிழுக்கையைக் கூட்டிக் குப்பையில் எறிந்துவிடுகிறோம். அதைச் சாக்கில் கட்டி வைத்துக் காயவிட்டால் தை மாதத்துக்கு அருமையான எரு. எங்கள் பெரியவர்கள் பூவரசங் குழையை வெட்டித் தாழ்ப்பார்கள், அதுவும் நல்லது. புதுச் சாணத்தை மட்டும் போட்டுவிடாதீர்கள், வேரைச் சுட்டுவிடும். துளிர் வரும் வரை கிழமைக்கு இரண்டு தடவை தண்ணீர் போதும். மொட்டு வந்த பிறகு இரண்டு நாளைக்கு ஒரு தடவை. எந்தத் தண்ணீர் என்று கேட்டால், தேத்தண்ணி வைத்துக் குடிக்கக் கூடிய தண்ணீர். கடற்கரைப் பக்கத்து உவர்க் கிணற்றுத் தண்ணீரை மல்லிகை தாங்காது, இலையின் ஓரம் கருகிவிடும். அப்படியான வீடுகளில் மழைத் தண்ணீரைப் பீப்பாவில் பிடித்து வைத்து ஒரே ஒரு மரத்துக்காவது கொடுக்கலாம். மழைக் காலத்தில் தண்ணீர் தேங்குகிற வளவு என்றால் அடியை உயர்த்தி மேடாக்கி நடுங்கள்.

வெட்டி மூன்று கிழமைக்குப் பிறகு சிவப்பும் பச்சையுமாகத் துளிர் கிளம்பியது. இரும்புத் தண்ணீர் நாலு தடவை தெளித்தார்கள். மார்ச் 2ஆம் திகதி நோன்பு தொடங்கியது. நோன்பு துறக்கிற நேரத்தில்தான் மல்லிகையும் விரியும், அது பகலில் மூடிய மொட்டாக இருந்து மஃரிபோடு இதழ் அவிழ்க்கிற பூ. அந்த ரமழானிலேயே பூத்துவிட வேண்டும் என்று சகோதரிக்கு ஆசை. ஒவ்வொரு நாளும் பின்னேரம் போய்ப் பார்ப்பாராம். பூக்கவில்லை. கடைசிப் பத்தில் மொட்டு கடுகளவில் தெரிந்தது. அப்போது ஒரு சோதனை வேறு. சில மொட்டுகள் ஊதா நிறமாகி உதிர்ந்தன, சிலவற்றில் ஊசி குத்தியது போல ஓட்டை. ஊதாவாகிறது மொட்டுக்குள் ஒரு சின்ன ஈயின் புழு இருப்பதால். ஓட்டை போடுகிறது மொட்டுப் புழு. இரண்டுக்கும் முதல் மருந்து கைதான். கெட்ட மொட்டுகளையும் கீழே உதிர்ந்ததையும் தினமும் பொறுக்கி எரித்துவிட வேண்டும். மண்ணில் விட்டால் அங்கேயே கூடு கட்டித் திரும்ப வரும். வேப்பெண்ணெய் ஒரு தேக்கரண்டியைக் கொஞ்சம் சவர்க்காரத்தோடு கலந்து ஒரு லீற்றர் தண்ணீரில் அடித்துத் தெளிக்கலாம். பறித்துச் சூடுகிற பூவுக்குக் கடை நஞ்சு எதற்கு?

ஷவ்வால் பிறை பத்து அளவில் மனைவிக்கு ஒரு தகவல் வந்தது. போய்விட்டு வந்து கையை விரித்துக் காட்டினார். பதினேழு மொட்டு. அடுத்த கிழமை ஒரு சுளகில் பரப்புகிற அளவுக்கு வந்துவிட்டது. பழைய காலத்து அள்ளிக் கொட்டல் இன்னும் இல்லை. வெட்டிய முதல் வருடத்தில் அதை எதிர்பார்க்கவும் கூடாது.

பூவைப் பற்றி ஒரு வார்த்தை. இத்தா முடிந்த பிறகு ஒரு பெண் தன் வீட்டுக்குள், மதிலுக்குள் பூச் சூடுவதற்கு மார்க்கத்தில் தடை கிடையாது. அந்நிய ஆண்களுக்கு வாசம் போகிற விதமாக வெளியே போவதுதான் தடை. சகோதரியின் வீட்டில் பூ வந்ததைக் கேள்விப்பட்ட அதே உறவுக்காரப் பெண்கள், புருஷன் இல்லாதவளுக்குப் பூ எதற்கு என்று பேசினார்களாம். இதற்கு நான் எழுதுகிற பதில் சற்றுக் காரமாகிவிடும் என்பதால் விட்டுவிடுகிறேன். அவர் சூடுகிறாரோ இல்லையோ எனக்குத் தெரியாது. ஒரு தட்டத்தில் தண்ணீர் விட்டு ஓதல் மேசையில் வைக்கிறார் என்று மனைவி சொன்னார்.

சட்டியில் வைத்த பதியங்கள் மூன்றில் ஒன்று புத்தளத்தில் இருக்கிற மகளுக்குப் போயிற்று. முதன் முதலில் கொப்பு எடுத்த அங்கத்தைய தாய் மரம், அந்தக் காணி கைமாறியபோது அழிந்துவிட்டதாம். அது போனதும் பஸ்ஸில்தான், ஈரச் சாக்கில்தான். இன்னொன்றை மாமரத்துக்கு எட்டாத தூரத்தில், கிழக்கு வெயில் விழுகிற மதிலோரம் நட்டிருக்கிறார். மூன்றாவதை எங்கள் வீட்டுக்குத் தந்தார். நறுமணச் செடியை யாரும் கொடுத்தால் மறுக்க வேண்டாம், சுமப்பதற்கு இலகுவானது, மணமும் நல்லது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக முஸ்லிமில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. அதைச் சொல்லியே வாங்கிக்கொண்டேன்.

எங்கள் வளவில் வெயில் விழுகிற இடம் ஒன்றே ஒன்றுதான், அங்கே உடுப்புக் காயப்போடுகிற கொடி கட்டியிருந்தது. கொடியை மாற்றிக் கட்டுவதற்கு இரண்டு நாள் வாக்குவாதம். இப்போது ஒன்றேகால் அடி உயரம் வந்திருக்கிறது. பக்கத்து வீட்டுக் கோழி வந்து அடி மண்ணைக் கிளறுகிறது என்று சுற்றிவரக் கருக்குமட்டை குத்தியிருக்கிறோம். வருகிற தையில் நுனியை மட்டும் கிள்ளினால் போதும் என்று நான் சொல்கிறேன். அரைவாசிக்கு வெட்ட வேண்டும் என்கிறார் மனைவி.